பொள்ளாச்சியிலிருந்து சென்னைக்குக் குடிபோகிறவர்களுக்கு: அங்கே வெயிலும் மழையும் எப்படி?

கேட்டவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். கணவருக்குச் சென்னைக்கு மாற்றல், ஜூனில் போய்ச் சேர வேண்டும். குடும்பம் பின்னால் போகலாம் என்று யோசனை. மாமனார் எழுபதைத் தாண்டியவர். "ஆயுசு பூரா தோப்புல வெயில்ல நின்ன எனக்கு மெட்ராஸ் வெயில் என்ன பண்ணீரும்" என்கிறாராம். எந்த மாதம் குடிபோவது, எப்படிப்பட்ட வீடு பார்ப்பது, மழைக்கு உண்மையிலேயே பயப்பட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

உங்கள் மாமனார் சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் பாதி சரி. டிகிரிக் கணக்கை மட்டும் பார்த்தால் மாசி, பங்குனியில் கோவையின் பகல் வெயில் சென்னையைவிட அதிகம். மார்ச்சில் கோவையின் சராசரி உச்சம் 35 டிகிரியைத் தொடும்போது சென்னை 33-ஐ ஒட்டியே நிற்கும். ஈரோடு, கரூர்ப் பக்கம் ஏப்ரலில் 40-ஐத் தாண்டுவது நமக்குப் புதுச் செய்தி இல்லை. வெயிலுக்குப் பழகின உடம்பு என்று அவர் சொல்வது வீண் பேச்சில்லை.

அவர் கணக்கில் சேர்க்காதது ராத்திரியை. உங்கள் ஊரில் சித்திரையிலும் சாப்பாடு முடிந்து வாசலில் கட்டிலைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் காற்று குளிர்ந்துவிடும். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, மே மாதத்திலும் விடியற்காலையில் 24 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். சென்னை கடல் மட்டத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஊர். அங்கே மே மாத விடியலில் 28-க்குக் கீழே போகாத நாட்கள் நிறைய. அதோடு காற்றில் ஈரம். வேர்க்கும், ஆனால் வேர்வை காயாது. வேர்வை காய்ந்தால்தான் உடம்புச் சூடு இறங்கும். அது நடக்காதபோது 36 டிகிரி உடம்புக்கு 40-க்கு மேல் போலத்தான் தெரியும். மொட்டை மாடித் தொட்டியில் பகலெல்லாம் காய்ந்த தண்ணீர், இரவு ஒன்பது மணிக்குக் குழாயைத் திறந்தாலும் கையைச் சுடும். வயதானவர்களை அசத்திப் போடுவது நடுப்பகல் வெயிலைவிட இந்த இரவுகள்தான். தொடர்ந்து நாலைந்து ராத்திரி சரியாகத் தூங்காவிட்டால் தோப்பில் நின்ற உடம்பும் தளர்ந்துபோகும்.

இனி காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னை வானிலையில் மற்ற எல்லாமே இதற்குள் அடக்கம் என்பது என் எண்ணம்.

கொங்கு நாட்டில் நாம் மேற்கே மலையைப் பார்த்துத்தான் மழையைக் கணிக்கிறோம். மலைக்கு நடுவே முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமாகத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய்தான் நமக்கு வாசல். மே கடைசியில் அதன் வழியாக மேல்காற்று, அதாவது மேற்கேயிருந்து வீசும் காற்று, நுழைந்ததும் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுற்ற ஆரம்பிக்கும், வானம் மோடம் போடும், பொள்ளாச்சிக்குச் சாரல் வரும், வெயில் அடங்கிவிடும். அக்னி நட்சத்திரம் முடிந்தால் வெயில் முடிந்தது என்று நாம் சொல்வது நம் ஊருக்குப் பெரும்பாலும் பலிக்கிறது என்றால் இந்தக் கணவாயால்தான்.

அதே மேல்காற்று சென்னைக்கும் போகிறது. ஆனால் ஈரத்தையெல்லாம் மேற்கு மலையில் கொட்டிவிட்டு, மலையிறங்கி, காய்ந்த நிலத்தின் மேல் பல நூறு கிலோமீட்டர் நகர்ந்து போய்ச் சேரும்போது அது அனலாக இருக்கும். நமக்குச் சாரல் கொண்டுவருகிற காற்றுதான் சென்னைக்கு வருஷத்தின் உச்ச வெயிலைக் கொண்டுபோகிறது. அதனால்தான் அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகும், மே கடைசி வாரத்திலும் ஜூனிலும் அங்கே கொளுத்தும். சென்னை நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் பதிவான மிக அதிகமான வெப்பம் 45 டிகிரி. அது 2003-ஆம் வருஷம் மே மாதக் கடைசியில் வந்தது.

இந்த மேல்காற்றோடு மல்லுக்கட்டுவது கடற்காற்று. பகலில் நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின் மேல் காற்று சூடாகி மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். மே மாதத்தில் ஒரு நாள் சென்னையில் எவ்வளவு காயும் என்பதை, கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது என்பதே முடிவு செய்கிறது. நண்பகல் வாக்கில் வந்துவிட்டால் 36, 37-இல் நின்றுவிடும். மேல்காற்று பலமாக இருந்து கடற்காற்றை வாசலிலேயே தடுத்து நிறுத்தினால், அது வர இரண்டு மூன்று மணியாகும். அதற்குள் 40-ஐத் தாண்டியிருக்கும். சில நாள் வரவே வராது.

இதை மாடிக்கொடியில் காயும் துணியை வைத்தே பார்த்துவிடலாம். காலையில் துணி கிழக்குப் பக்கமாகப் பறந்துகொண்டிருக்கும், முகத்தில் அடிக்கும் காற்று வறண்டிருக்கும். அப்புறம் கொஞ்ச நேரம் காற்றே இருக்காது, துணி செங்குத்தாகத் தொங்கும், புழுக்கம் தாங்காது. பிறகு மெல்ல அசைந்து மேற்குப் பக்கமாகப் பறக்க ஆரம்பிக்கும். அடுத்த அரை மணிக்குள் இரண்டு மூன்று டிகிரி இறங்கியிருக்கும். ஈரமும் ஏறியிருக்கும், அது வேறு விஷயம்.

கடற்காற்று திருவான்மியூரில் வீசும் நேரத்துக்கு ஆவடியில் வீசாது. கடலிலிருந்து தள்ளிப் போகப் போக அது தாமதமாக வரும், சில நாள் போய்ச் சேராமலே அடங்கிவிடும். கோடையில் செய்தியில் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று இரண்டு கணக்குச் சொல்வார்களே, அதில் மீனம்பாக்கம் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாக இருப்பதற்கும் இதுதான் காரணம். இன்னொன்று: மே மாதத்தில் வங்கக் கடலில் புயல் என்று கேள்விப்பட்டதும் சென்னைக்கு மழை வந்து குளிர்ந்துவிடும் என்று நம் ஊரில் பேசிக்கொள்வார்கள். அந்தப் புயல் வடக்கே ஆந்திரா, ஒடிசா என்று ஒதுங்கிப் போனால் நடப்பது தலைகீழ். காற்றிலிருக்கும் ஈரத்தையும் அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், நிலத்துக் காற்றும் சென்னை மேல் பாய்ந்து வெயில் இன்னும் ஏறும்.

ஆனி, ஆடி, ஆவணியில் சென்னையில் மழையே இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். தென்மேற்குப் பருவ மாதங்களில் மட்டும் அங்கே சராசரியாக 400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. கோவை நகரத்தின் வருஷ மழையே 700-க்குள்தான். ஆனால் அங்கே பெய்யும் விதம் வேறு. நம் ஆடிச் சாரல் போல நாள் பூரா நசநசவென்று தூறாது. பகலெல்லாம் காய்ந்து, காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கம் மாலையில் இடிமேகம் கட்டி, இருட்டிய பிறகு மேற்கேயிருந்து நகரத்துக்குள் வரும். மின்னல், இடி, பலத்த காற்றோடு ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு நின்றுவிடும். கணவர் போய்ச் சேரும் ஜூனில் இந்த மழை ஒன்றிரண்டு பெய்தால் அந்த ராத்திரிகள் நல்லபடியாகக் கழியும்.

தண்ணீர்க் கணக்கும் நமக்கும் அவர்களுக்கும் நேரெதிர். சிறுவாணி, ஆழியாறெல்லாம் நிரம்புகிற ஆனி, ஆடியில்தான் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் ஏரிகள் அடிமட்டத்துக்குப் போகும். 2019-இல் இது உச்சத்துக்குப் போனது. ஜூனில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். அடுத்த மாதமே நம் மலையில், நீலகிரியின் அவலாஞ்சியில், ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. ஒரே மாநிலம்தான், பருவம் வேறு. இப்போது கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் நெம்மேலி போன்ற இடங்களில் ஓடுகின்றன, வீராணம் ஏரித் தண்ணீரும் குழாயில் வருகிறது. இருந்தாலும் வீடு பார்க்கும்போது சித்திரை, வைகாசியில் கிணறும் போர்வெல்லும் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். கடலோரத் தெருக்களில் சில இடங்களில் நிலத்தடி நீர் உப்பாக இருக்கும். சிறுவாணி குடித்துப் பழகின நாக்குக்கு முதல் வாரமே தெரிந்துவிடும்.

அடுத்து மழைக்காலம். நீங்கள் பயந்து கேட்டிருப்பது இதைத்தான், பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் எங்கே பயப்பட வேண்டும், எங்கே வேண்டாம் என்று பிரித்துப் பார்க்கலாம்.

அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டிக் காற்று திசை மாறும். வடக்கே நிலம் குளிர ஆரம்பிக்க, வடகிழக்கிலிருந்து வீசும் காற்று வெதுவெதுப்பான வங்கக் கடலின் மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு சோழமண்டலக் கரையில் மோதும். சென்னையின் வருஷ மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய 60 சதவீதம் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றே மாதத்தில் வந்துவிடும். நவம்பரில் மட்டும் சராசரி 350-க்கு மேல், அதாவது கோவைக்கு ஆறு மாதத்தில் பெய்வது அங்கே ஒரு மாதத்தில். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்ற பேச்சு நமக்கும் உண்டு. நம் கோவைக்கும் வருஷ மழையில் பாதியளவு இந்தப் பருவத்தில்தான். ஆனாலும் காற்று நம்மிடம் வந்து சேர்வதற்குள் நிறையவற்றைக் கரையோரம் இறக்கி வைத்துவிடும்.

இந்த மழை விட்டு விட்டுப் பெய்யும். இரண்டு மூன்று நாள் பிடித்துக்கொள்ளும், பிறகு ஒரு வாரம் பளிச்சென்று வெயில் அடிக்கும். பெய்கிற நாட்களிலும் கரையோரத்தில் பலம் அதிகம் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான். இரவில் நிலம் குளிர்ந்து கடலை நோக்கி மெல்லக் காற்று போகும், கடலிலிருந்து வரும் கீழ்க்காற்று அதோடு கரைக்குப் பக்கத்தில் முட்டும், முட்டுகிற இடத்தில் மேகம் எழும்பிக் கொட்டும். ஆகவே ராத்திரி பத்து மணிக்கு நட்சத்திரம் தெரிந்தது என்று வண்டியைப் பள்ளத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கக் கூடாது. ஆவணி வரை மேற்கே பார்த்தவர்கள் ஐப்பசியிலிருந்து கிழக்கே பார்க்க வேண்டும். சென்னைத் துறைமுகத்து டாப்ளர் ரேடாரின் படம் வானிலைத் துறையின் தளத்தில் யாரும் பார்க்கலாம். கடல் மேல் மேகக் கூட்டம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரியும். கணவரை அதைப் பார்க்கப் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள், ஒரு வாரத்தில் கை வந்துவிடும்.

2015-ஐப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அந்த நவம்பரில் மட்டும் 1,000 மில்லிமீட்டரைத் தாண்டிப் பெய்து, நிலமும் ஏரிகளும் ஏற்கனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. அதற்கு மேல் டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறக்க, அடையாறு கரை தாண்டியது. அது எல் நினோ வருஷம். பசிபிக் கடல் சூடாகும் அந்த வருஷங்களில் தென்மேற்குப் பருவம் இளைக்கவும், வடகிழக்குப் பருவம் வலுக்கவும் வாய்ப்பு அதிகம். ஆகவே சிறுவாணி நிரம்பவில்லை என்று நாம் கவலைப்படும் வருஷத்திலேயே சென்னையில் வெள்ளம் வரலாம்.

புயலைப் பற்றி இரண்டு விஷயம் மட்டும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையை நேராகக் கடந்தபோது புயலின் கண் நகரத்தின் மேலேயே போனது. மரங்களைச் சாய்த்த காற்று திடீரென்று அடங்கியதும் முடிந்துவிட்டது என்று ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்ப அடித்தது. கண் கடந்து, மறு பக்கத்துக் காற்றும் ஓயும் வரை கதவைத் திறக்கக் கூடாது. இரண்டாவது, புயல் சென்னையில் கரையேறவில்லை என்றால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையேறியது ஆந்திராவில், பாபட்லா பக்கம். ஆனால் அதற்கு முன்பு கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்ததில் சென்னைதான் மூழ்கியது. எங்கே கரையேறும் என்ற செய்தியைவிட, எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்ற செய்தியைக் கவனித்துக் கேளுங்கள்.

இவ்வளவு சொன்னாலும் சென்னை முழுவதும் மூழ்குவதில்லை. சில தெருக்களில் ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் நிற்கும், பல தெருக்கள் 2015-இலும் தப்பின. வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர், பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றிய இடங்கள், அடையாற்றங்கரையை ஒட்டிய ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகள் எல்லாம் தண்ணீர் பார்த்தவை. சிவப்பு எச்சரிக்கை என்றதும் வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்து மேலே கொண்டுபோய் வரிசையாக நிறுத்துவது இப்போது பழக்கமாகிவிட்டது. இந்தப் பகுதிகளிலும் மேடான தெருக்கள் இருக்கின்றன. அதனால் பேட்டையின் பெயரை வைத்து முடிவு செய்யாமல் தெருவைப் பாருங்கள். சாலை திரும்பத் திரும்பப் போட்டதில் வீட்டுத் தளத்தைவிடத் தெரு உயர்ந்திருக்கிறதா? கேட்டுக்கு வெளியே நின்று உள்ளே இறங்க வேண்டியிருந்தால் யோசியுங்கள். காம்பவுண்டுச் சுவரில் பழைய தண்ணீர்க் கோடு மங்கலாகத் தெரிகிறதா? மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, புதிதாக மேலே ஏற்றி வைத்திருக்கிறார்களா? வீட்டுக்காரரிடமும் தரகரிடமும் கேட்டால் நல்லதாகத்தான் சொல்வார்கள். தெருமுனை டீக்கடையில், "2015-ல இந்தத் தெருவுல போட் வந்துச்சுங்களா?" என்று கேளுங்கள். சரியான பதில் அங்கே கிடைக்கும்.

வீட்டின் திசையும் முக்கியம். உங்கள் ஊரில் ஆடிக்காற்றுக்கு மேற்கு ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பீர்கள். சென்னையில் கிழக்கும் தெற்கும் திறந்திருக்க வேண்டும், கடற்காற்று நுழைவது தென்கிழக்கிலிருந்து. எதிரே உயரமான கட்டடம் மறைக்காமல் இருந்தால் நல்லது. மேற்குப் பார்த்த படுக்கையறையை மாமனாருக்குக் கொடுக்காதீர்கள், பகலில் வாங்கின சூட்டைச் சுவர் நடு ராத்திரி வரை விட்டுக்கொண்டிருக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடியும் வேண்டாம், தரைத்தளமும் வேண்டாம். நடுவில் ஒரு மாடி, லிப்ட் இருந்தால் சிறப்பு. கடலுக்கு ரொம்பப் பக்கத்தில் போனால் காற்று அருமையாக இருக்கும், ஆனால் ஜன்னல் கம்பி, ஏசியின் வெளி யூனிட், வண்டியின் சைலன்சர் எல்லாவற்றையும் உப்புக்காற்று அரித்துவிடும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருப்பது நடுத்தரமான ஏற்பாடு. மழைநீர் சேகரிப்புத் தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். 2003-லிருந்து கட்டாயம் என்றாலும், அடைத்துப் போய்க் கிடப்பது எத்தனையோ வீடுகளில் உண்டு.

எப்போது போவது என்றால் தை மாதத்தைத்தான் சொல்வேன். கணவர் ஜூனில் போகட்டும், முதல் ஆறு மாதம் தனியாகத் தங்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்த மறுநாள் காலையில் அவர் வீடு பார்க்கட்டும். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எது வடிந்துவிட்டது என்பது அப்போது கண்ணுக்கு முன்னால் இருக்கும். கோடையில் பார்த்தால் எல்லாத் தெருவும் நல்ல தெருதான். மார்கழிக்கு மேல் மழை குறையும், வாடைக்காற்று மெதுவாகும். ஜனவரியில் பகல் 29, 30, விடியலில் 21 டிகிரி என்று இருக்கும். நம் ஊர் மார்கழிக் குளிரைப் பார்த்தவர்களுக்கு இது குளிரே இல்லை, ஆனால் சென்னையில் இதைவிட நல்ல மாதங்கள் கிடையாது. போகி அன்று மட்டும் புகையும் பனியும் சேர்ந்து விடிகாலையில் மூட்டமாக நிற்கும், மாமனாருக்கு மூச்சு வாங்கும் தொந்தரவு இருந்தால் போகி முடிந்து கூட்டிப் போங்கள். தையில் போனால் மாசி, பங்குனி என்று ஈரப்புழுக்கத்துக்கு உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும். நேராகச் சித்திரையில் போய் இறங்குவதுதான் கஷ்டம்.

முதல் கோடைக்கு மட்டும் மாமனாரை ஏப்ரல் கடைசியில் பொள்ளாச்சிக்கு அனுப்பிவிடுங்கள். மே கடைசியில் சாரலும் காற்றும் தொடங்கித் தோப்பில் அவருக்கும் வேலை இருக்கும், ஆடி முடிய அங்கேயே இருக்கட்டும், ஆவணியில் திரும்பி வரட்டும். ஒருவேளை பிடிவாதமாகச் சென்னையிலேயே இருப்பேன் என்றால், அவர் அறைக்கு ஏசி வைத்துக் கொடுங்கள், ராத்திரித் தூக்கத்துக்கு அது அவசியம். நடையைக் காலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பதினோரு மணிக்கு மேல், கொடியில் துணி மேற்குப் பக்கமாகத் திரும்பும் வரை, வெளியே இறங்க வேண்டாம். வேர்க்கிற அளவுக்குத் தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் குடிக்கிறாரா என்று கவனியுங்கள், தாகம் எடுக்கவில்லை என்று சொன்னாலும் கொடுங்கள். சர்க்கரை, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் உப்பு, தண்ணீர் அளவைப் போவதற்கு முன்பே அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.